போர் விமான ஓவியப் பிரிண்டுகள்: மதுரையில் இருந்து சேகரிப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

மதுரையில் டீக்கடைச் சுவரிலும் சலூன் கண்ணாடிக்கு மேலேயும் பல வருடமாகத் தொங்கும் காலண்டர் படங்களைப் பார்த்திருப்பீர்கள். முருகன் படமோ லட்சுமி படமோ, முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தா என்ற இளஞ்சிவப்பும் வெளிச்சத்தில் முதலில் வெளிறும். சயான் என்ற நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கும். ஆசையாக வாங்கிய போர் விமான ஓவியமும் இந்த ஊர் வெயிலில் அப்படித்தான் ஆகும். அதனால் வாங்குவதைப் பற்றி எவ்வளவு சொல்கிறேனோ அதே அளவுக்குக் காப்பாற்றுவதைப் பற்றியும் சொல்லப்போகிறேன். நான் பார்த்தவரை, நம் பக்கத்துச் சேகரிப்புகள் போலிகளால் கெட்டதைவிடப் பிரேமாலும் ஈரத்தாலும் கெட்டதே அதிகம்.

இங்கே பிரிண்ட் என்று சொல்வது எதை? ஓர் ஓவியர் எண்ணெய் வண்ணத்திலோ அக்ரிலிக்கிலோ கணினியிலோ ஒரு விமானக் காட்சியை வரைகிறார். அதை நல்ல தாளில், இத்தனை பிரதிதான் என்று வரையறுத்து அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்திடுகிறார். சில பிரதிகளில் அந்த விமானத்தை ஓட்டிய விமானியும் கையெழுத்திடுவார். இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தை இறக்கி பிளெக்ஸ் கடையில் அச்சிட்டால் அது இதில் சேராது. இந்தியச் சட்டப்படி ஓவியரின் காப்புரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு சரடைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்ட ஜெட் படத்தையெல்லாம் வாங்கினால் கொஞ்ச நாளில் சுவரும் நிறையும், ஆர்வமும் குறையும். ஒரு விமானம், ஒரு ஸ்குவாட்ரன் (விமானப்படையின் ஒரு பிரிவு) அல்லது ஒரு நாள் என்று எடுத்துக்கொண்டால், அதைப் பற்றிப் படிக்கப் படிக்க அடுத்து எதைத் தேடுவது என்பது தானாகத் தெரியும்.

நம் ஊர்க்காரருக்கு நான் முதலில் சொல்வது இந்திய விமானப்படையின் 18-ஆம் ஸ்குவாட்ரன். 1965-இல் நேட் என்ற சின்னப் போர் விமானங்களோடு தொடங்கப்பட்ட பிரிவு அது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து நேட்டில் ஏறிப் பறந்து போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன் இந்தப் பிரிவுக்காரர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதே ஸ்குவாட்ரன் பின்னாளில் மிக்-27 ஓட்டியது, பிறகு ஓய்வுக்குப் போனது, 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு நம் கோவை மாவட்டத்துச் சூலூரில் மறுபடி களத்துக்கு வந்தது. ஸ்ரீநகர் பனியில் ஒரு நேட், சூலூர் வானத்தில் ஒரு தேஜஸ்: இந்த இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாலே அரை நூற்றாண்டு வரலாறு சுவரில் நிற்கும்.

வேறு சரடுகளும் உண்டு. தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 முதல் 222-ஆம் ஸ்குவாட்ரனின் சுகோய்-30 விமானங்கள் பிரம்மோஸ் ஏவுகணையோடு நிற்கின்றன. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்தபோது 2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய்-30 இல் பறந்தார். நம் பக்கத்து வீட்டுச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தோன்றவில்லை. 1963-இல் சேவைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதன் அறுபது வருட வாழ்க்கையை வெவ்வேறு வண்ணப்பூச்சுகளில் சேகரிப்பவர்கள் உண்டு.

என் மனதுக்கு நெருக்கமானது மாருத், அதாவது எச்எஃப்-24. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த இந்தியப் போர் விமானம். அதன் உடல்வாகு அவ்வளவு அழகு. நல்ல ஓவியர் கையில் கிடைத்தால் கண் எடுக்க முடியாது. வாங்குமுன் அசலை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றால் மதுரையிலிருந்து ஓர் இரவு ரயில் போதும்: பெங்களூர் எச்ஏஎல் அருங்காட்சியகத்தில் மாருத் நிற்கிறது, மிக்-21 நிற்கிறது. சுற்றி வந்து மூக்கு, இறக்கை, வால் எல்லாவற்றையும் நிதானமாகப் பாருங்கள். நாலாம் படியில் அந்தப் பார்வை கை கொடுக்கும்.

இரண்டாம் படி: அச்சு எந்த வகை என்று கண்டுபிடிப்பது

இதற்கு இரண்டு கருவிகள் போதும், இரண்டும் மதுரையிலேயே கிடைக்கும். ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ். தெற்காவணி மூல வீதி நகைக்கடை பஜாரில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அதுதான். இன்னொன்று, ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு.

லென்ஸை வானத்தின் நீலப்பகுதி மேல் வையுங்கள். ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் பூ மாதிரி வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அதே நாலு கலர் முறைதான். ஆஃப்செட் என்பதாலேயே மட்டம் என்று நினைக்க வேண்டாம்; 1980, 90-களில் வந்த புகழ்பெற்ற விமான ஓவியப் பிரிண்டுகள் பெரும்பாலும் இப்படி அச்சானவையே. புள்ளிகளுக்கு வரிசையே இல்லாமல், மணலைத் தூவியது போல் நுணுக்கமாக இருந்தால் அது இங்க்ஜெட். இதைத்தான் கலை உலகில் ஜிக்லே என்கிறார்கள். அந்தப் பெயரே 1991-இல்தான் வந்தது. எனவே 1975-இல் அச்சான ஜிக்லே என்று யாராவது விற்றால், புன்னகைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். புள்ளியே இல்லாமல் வண்ணம் தட்டையாகப் படிந்திருந்தால் ஸ்கிரீன் பிரிண்ட். கையால் ஒவ்வொரு வண்ணமாக இழுத்தது, போர் விமானங்களில் அபூர்வம்.

ஊதா விளக்கு தாளுக்கு. அறையை இருட்டாக்கி, படமில்லாத ஓரத்தில் வெளிச்சத்தைக் காட்டுங்கள். தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது; அந்த வெண்மை காலப்போக்கில் மங்கி, தாள் மஞ்சளாகத் தெரியும். முழுப் பருத்தி இழையில் செய்த, ரசாயனம் கலக்காத தாள் அடங்கிய நிறத்தில்தான் இருக்கும். புதிதாக ஜிக்லே வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தாள் பருத்தியா, அமிலம் இல்லாததா, மை பிக்மென்ட்டா (நுண்துகள் நிறமி) டையா (கரையும் சாயம்)? பிக்மென்ட் மை நிற்கும். டை மை நம் ஊர் வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும். விற்பவருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மூன்றாம் படி: ஓரத்தைப் படிப்பது

படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரம்தான் பிரிண்டின் ஜாதகம். அதை வெட்டிவிட்டுப் பிரேம் போட்ட பிரிண்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், சேகரிப்புக்கு என்று வாங்காதீர்கள்.

125/500 என்று பென்சிலில் எழுதியிருந்தால், ஐந்நூறு பிரதிகளில் நூற்றிருபத்தைந்தாவது. சின்ன எண்ணுக்கு விலை அதிகம் கேட்பார்கள். செப்புத்தகட்டில் அச்சிட்ட காலத்தில் தகடு தேயத் தேயப் பிந்தைய பிரதிகள் மங்கும், அதனால் முந்தைய எண்ணுக்கு மதிப்பு இருந்தது. ஆஃப்செட்டிலும் ஜிக்லேயிலும் முதல் பிரதிக்கும் கடைசிக்கும் தரத்தில் வித்தியாசம் இல்லை. எண்ணுக்காகக் கூடுதல் காசு தர வேண்டாம் என்பதே என் கருத்து. அதைவிட முக்கியம், மொத்தம் எத்தனை என்பது. ஒரே ஓவியம் தாளில் ஐந்நூறு, கேன்வாஸில் நூறு, சின்ன அளவில் ஆயிரம் என்று தனித்தனி எடிஷனாக, அதாவது தனி வெளியீடாக, வந்திருக்கலாம். விற்பவரிடம் எல்லா எடிஷனையும் கூட்டிக் கேளுங்கள்.

எண்ணுக்குப் பதில் ஏபி என்று இருந்தால் அது ஓவியர் தனக்கென்று எடுத்துவைத்த பிரதி. ஓரத்தில் ஓவியர் கையாலேயே சின்னதாக ஒரு விமானத்தைப் பென்சிலில் வரைந்து கொடுத்திருந்தால் அதற்கு ரீமார்க் என்று பெயர். எனக்கு ரீமார்க் மேல் தனிப் பிரியம் உண்டு. அச்சுக்கு நடுவே ஓவியரின் கை நேரடியாகத் தொட்ட இடம் அது ஒன்றுதான்.

கையெழுத்துக்கு வருவோம். விமானி கையெழுத்து இருந்தால் விலை ஏறும், ஆகவே போலியும் அங்கேதான் நுழையும். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். பென்சில் என்றால் கிராஃபைட்டின் பளபளப்பும் தாளில் லேசான அழுத்தமும் தெரியும். லென்ஸில் கையெழுத்தே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஓவியத்தோடு சேர்ந்து அச்சானது. கையால் போட்டது கிடையாது.

அடுத்து தேதிகளை ஒத்துப் பாருங்கள். போலியைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. செகோன் 1971-இல் மறைந்துவிட்டார். அந்தப் போரைக் காட்டும் எந்த ஓவியத்திலும் அவர் கையெழுத்து இருக்கவே முடியாது. 1965 செப்டம்பரில் நேட் ஓட்டிப் புகழ்பெற்ற ட்ரெவர் கீலர் 2002-இல் காலமானார். மாருத்தின் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் அதே விமானத்தில் விபத்தில் இறந்தார். விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் 2017 வரை இருந்தார். பிரிண்ட் வெளியான ஆண்டு ஓரத்திலோ சான்றிதழிலோ இருக்கும். கையெழுத்திட்டவர் அந்த ஆண்டில் உயிரோடு இருந்தாரா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சான்றிதழில் ஓவியத்தின் பெயர், ஓவியர், எடிஷன் அளவு, உங்கள் பிரதியின் எண், கையெழுத்திட்டவர்கள் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். எண் இல்லாத பொதுச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம்.

நான்காம் படி: படத்தில் இருக்கும் விமானம் சரிதானா

இதில் கறாராக இருங்கள். ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விமானம் தப்பாக இருந்தால் உங்கள் ஆர்வம் வளர வளர அந்தத் தப்பு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

முதலில் உருவம். தேஜஸுக்கும் மிராஜ்-2000க்கும் முக்கோண இறக்கை மட்டும்தான். காக்பிட்டுக்குப் பக்கத்தில் கனார்டு எனப்படும் தனிச் சிற்றிறக்கை கிடையாது. ரஃபேலுக்கு உண்டு, சுகோய்-30 எம்கேஐக்கும் உண்டு. இந்த சுகோய் இரண்டு இருக்கை விமானம். ஒற்றை இருக்கையோடு வரைந்திருந்தால் அது வேறு நாட்டு ரகம். நேட் மிகச் சின்னது, பக்கத்தில் நிற்கும் ஆளோடு ஒப்பிட்டாலே தெரிய வேண்டும். இறக்கை உடம்பின் மேல்பகுதியில் இருக்கும். ஹண்டர் என்ற பிரிட்டிஷ் ஜெட்டில் காற்று உள்ளே போகும் வாய், இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் முக்கோணமாக இருக்கும். விமானப்படைச் சின்னத்தில் வெளிவட்டம் காவி, நடுவில் பச்சை.

பிறகு காலம். 1971 காட்சியில் மிக்-21இன் இறக்கைக்குக் கீழே கே-13 ஏவுகணை இருக்கலாம். ஆர்-73 இருந்தால் தப்பு, அது எண்பதுகளில் வந்தது. மிக்-21 பைசன் என்ற மேம்படுத்திய ரகமும் அப்போது கிடையாது. ராஜஸ்தான் எல்லையில் நடந்த லோங்கேவாலா சண்டையின் ஓவியம் என்றால் 1971 டிசம்பர் 5 காலை வெளிச்சம், ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹண்டர்கள், கீழே பாலைவனத்தில் டாங்கிகள். இரவுக் காட்சியாக வரைந்திருந்தால் ஓவியர் படிக்கவில்லை என்று அர்த்தம். ஹண்டர்களால் அன்று இரவில் தாக்க முடியவில்லை, விடியும் வரை தரைப்படை தனியாகத் தாக்குப் பிடித்தது என்பதுதான் அந்தச் சண்டையின் கதையே.

படத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கும் விளக்க வரிகளையும் படியுங்கள். யார் யாரை வீழ்த்தினார்கள் என்பதில் 1965, 1971 போர்களைப் பற்றி இரு தரப்புக் கணக்கும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அடக்கமாக எழுதியிருக்கும் பிரிண்டை நான் கூடுதலாக நம்புவேன். இந்தக் காட்சிகளில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். தீப்பிழம்பு மட்டுமே பெரிதாகத் தெரியும் ஓவியத்தைவிட, தளத்தில் எரிபொருள் குழாயைப் பிடித்தபடி தரைப்பணியாளர் அண்ணாந்து பார்க்கும் ஓவியம் எனக்கு எப்போதும் உயர்வாகப் படுகிறது.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது

வெளிநாட்டில் இதற்கென்றே பழைய சந்தை உண்டு. பிரிட்டனில் விமான ஓவியர்களுக்கு 1971 முதல் தனிச் சங்கமே இயங்குகிறது. ராபர்ட் டெய்லர், கெரால்டு கூல்சன் போன்றவர்களின் பிரிண்டுகள் அங்கே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வரவழைத்தால் பிரிண்ட் விலையோடு கூரியர், சுங்கம், வரி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். மொத்தத்தையும் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். குழாயில் சுருட்டி அனுப்பினால் குறைந்தது மூன்று அங்குல விட்டம் கேளுங்கள். ஒல்லிக் குழாயில் வந்தால் தாள் முறிந்திருக்கும்.

இந்திய விமானங்கள் வேண்டுமென்றால் இந்திய ஓவியர்களிடம் நேரடியாக வாங்குவதே நல்லது. பணம் ஓவியருக்குப் போகும், எடிஷன் விவரம் அவர் வாயிலிருந்தே வரும், கேட்டால் ரீமார்க் போட்டுத் தருபவர்களும் உண்டு.

மூன்றாவது வழி நம் மண்ணுக்கே உரியது. 1965 போருக்குப் பிறகு ராணுவ வீரர், டாங்கி, மேலே சீறும் ஜெட் என்று காலண்டர் படங்கள் நாடெங்கும் வந்தன. காலண்டர் அச்சின் தலைநகரான சிவகாசி நமக்குப் பக்கத்து ஊர். கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டையராஜுவின் சாமிப் படங்களை இன்று தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள். அதே அச்சகங்கள், அதே காலம் தந்த போர்க்காலக் காலண்டர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பழைய பேப்பர் கடை, காலிசெய்யும் வீட்டுப் பரண், மூடிய மளிகைக் கடையின் பின்னறை என்று கேட்டுவையுங்கள். இவற்றில் விமானம் துல்லியமாக இருக்காது, கையெழுத்தும் எண்ணும் இருக்காது. நான் மேலே சொன்ன கறாரெல்லாம் இவற்றுக்குப் பொருந்தாது. இவை வேறு வகைச் செல்வம். அடியில் இருக்கும் கடைப் பெயரையும் தேதித் தாள் ஒட்டும் இடத்தையும் வெட்டாமல் அப்படியே வைத்திருங்கள்.

தொடங்கும்போதே பெரிய செலவு வேண்டாம் என்பவர்கள் தபால்தலையிலிருந்து ஆரம்பிக்கலாம். 1958-இல் விமானப்படை வெள்ளி விழாவுக்கு வந்த தலைகளில் வாபிட்டி இரட்டை இறக்கை விமானத்தோடு ஹண்டரும் இருக்கிறது.

ஆறாம் படி: வந்து சேர்ந்த அன்று

குழாயை உடனே திறக்காதீர்கள். ஒரு நாள் அறையிலேயே கிடக்கட்டும், தாள் இங்கத்திய காற்றுக்குப் பழகட்டும். சித்திரை, வைகாசி வறட்சியில் தாள் மொடமொடப்பாக இருக்கும், அவசரப்பட்டு விரித்தால் ஓரம் கிழியும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, சுத்தமான மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, அதன் மேல் பிரிண்டை மெதுவாக உருட்டி விரியுங்கள். மேலே இன்னொரு வெள்ளைத் தாள், அதற்கு மேல் கனமான புத்தகங்கள். இரண்டு மூன்று நாளில் படிந்துவிடும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்துவது, இஸ்திரி போடுவது இரண்டும் கூடவே கூடாது.

ஏழாம் படி: பிரேம் கடையில்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் சாமிப் படத்துக்குப் பிரேம் போடும் கடைகளுக்குக் குறைவே இல்லை. கைவேலை சுத்தமாக இருக்கும், விலையும் நியாயம். ஆனால் அவர்கள் வழக்கம் சாமிப் படத்துக்கானது: படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பின்னால் ஹார்ட்போர்டு அழுத்தி, ஆணி அடித்து, பழுப்பு டேப் ஒட்டித் தருவார்கள். வருடா வருடம் புதுப் படம் மாற்றும் வீட்டுக்கு அது போதும். ஐம்பது வருடம் இருக்க வேண்டிய பிரிண்டுக்கு ஒத்துவராது. கண்ணாடியில் ஒட்டிய தாள் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வியர்த்துக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். பிரித்தால் வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். ஹார்ட்போர்டிலிருந்து அமிலம் தாளுக்கு ஏறிப் பழுப்புக் கறையாகும்.

ஆகவே கடைக்குப் போய்க் கூட்டம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நான் சொல்வது இப்படி: “அண்ணே, இதுல கண்ணாடி படத்தத் தொடக் கூடாது. நடுவுல மவுண்ட் வச்சு இடைவெளி விடணும். பெவிகால், டேப்பு எதுவும் படத்து மேல வேணாம். ஓரத்த வெட்டவே கூடாது. ஹார்ட்போர்டுக்கு முன்னாடி இந்த அட்டைய வைங்க.” அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டை இணையத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. கடையில் இருக்கும் வண்ண அட்டையின் நடுவில் பெரும்பாலும் சாதாரண மரக்கூழ்தான். சாய்வாக வெட்டிய ஓரத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் பழுப்புக் கோடு விழுந்தால் அதுதான் காரணம்.

படத்தை அட்டையில் பொருத்துவது எப்படி? மேல் ஓரத்தில் மட்டும், இரண்டு இடத்தில், மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டைக் கீல் மாதிரி வைத்து, கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்ட வேண்டும். போஸ்டர் ஒட்டும் மயில்துத்தம் கலந்த மைதாப் பசையைப் பயன்படுத்தக் கூடாது. கீல் முறையில் தாள் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தக்கபடி விரிந்து சுருங்கும், சுருக்கம் விழாது. நாளைக்கு எடுக்க வேண்டுமென்றாலும் ஈரம் தொட்டு எடுத்துவிடலாம். பசையே வேண்டாம் என்பவர்கள் நான்கு மூலையிலும் பாலியெஸ்டர் மூலை உறை வைக்கலாம். பெரிய படங்களுக்கு அது தாங்காது.

“லேமினேட் பண்ணிரலாம் சார், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்று சில கடைகளில் அன்போடு சொல்வார்கள். லேமினேஷன் செய்த கணத்தில் அது சேகரிப்புப் பொருளாக இருப்பது முடிந்தது. திரும்பப் பிரிக்க வழியே இல்லை. மரப் பலகையில் சூடு வைத்து ஒட்டுவதும் அப்படித்தான்.

கண்ணாடிக்குப் பதில் புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் போட முடிந்தால் போடுங்கள். விலை கூடும், பல சமயம் பிரிண்டைவிடப் பிரேம் செலவு அதிகமாகும். பிரிண்ட் வாங்கும்போதே பிரேமுக்கும் பணம் ஒதுக்குங்கள். அந்த அக்ரிலிக் போட்டாலும் நேர் வெயில் ஆகாது; வெளிறுவதை அது தாமதப்படுத்தும், தடுக்காது.

எட்டாம் படி: எந்தச் சுவர்

மேற்குச் சுவர் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மாலை ஆறு மணிக்கும் அந்தச் சுவர் தொட்டால் சுடும். மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையும் அப்படித்தான். குளியலறைக்குப் பின்சுவர், சமையலறைக்கு எதிர்ச்சுவர், மழையில் பூத்துப்போகும் வெளிச்சுவர் எல்லாம் தள்ளிவிட்டால், வீட்டுக்குள் இருக்கும் நடுச்சுவர்தான் மிஞ்சும். பெரும்பாலும் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையில் உள்ளது. அங்கே மாட்டுங்கள். பிரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். புதிதாகச் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்த சுவரில் நன்றாகக் காயும்வரை மாட்ட வேண்டாம். அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம் வைப்பார்கள். வீட்டில் அது முடியாது, ஆனால் பகலில் திரையை இழுத்துவிட முடியும்.

ஒன்றை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆயுத பூசைக்கு எல்லாப் படத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம். கண்ணாடி மேல் வைக்கும் ஈரச் சந்தனம் வழிந்து பிரேம் இடுக்கில் இறங்கினால் ஓரம் கறையாகும். மேல் கட்டையில் மட்டும் பொட்டு வைத்தால் வழக்கமும் நிற்கும், படமும் பிழைக்கும். சாம்பிராணிப் புகை நேராக வந்து படியும் இடமும் வேண்டாம். துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், கண்ணாடி மேல் தெளிக்காதீர்கள்.

மாட்டாமல் வைத்திருக்கும் பிரிண்டுகளுக்கு நம் வீட்டு இரும்பு பீரோவே நல்ல இடம். மரப்பெட்டியும் பிளைவுட் அலமாரியும் அமிலம் விடும், கரையானையும் அழைக்கும். ஏ2 அளவுத் தாள் 42க்கு 59.4 சென்டிமீட்டர், பல பீரோத் தட்டுகளில் படுக்கைவசமாகப் போகும், அளந்து பாருங்கள். ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறையில் போட்டு, நடுவில் அமிலமில்லாத அட்டை வைத்து அடுக்குங்கள். அந்துருண்டையைத் தாளோடு போடாதீர்கள். ராமபாணப் பூச்சிக்குச் சுத்தமும் காற்றும்தான் மருந்து: மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், மாதம் ஒருமுறை திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூலையில் சுரண்டியது போல் தெரிந்தால் அந்த ஒன்றை உடனே பிரித்து வையுங்கள்.

ஒன்பதாம் படி: குறிப்பேடு

ஒரு நோட்டில் படத்தின் பெயர், எண், எங்கே எப்போது என்ன விலைக்கு வாங்கியது, கையெழுத்திட்டவர்கள் யார், பிரேம் போட்ட தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றையும் புகைப்படம் எடுங்கள். ரசீதைப் பிரேமின் பின்னால் ஒட்டாமல் தனிக் கோப்பில் வையுங்கள்.

விமானியின் கையெழுத்தை நீங்களே பெற முடியும். நம் மாவட்டங்களில் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஓட்டியவர் கிடைக்காவிட்டாலும், அந்த விமானத்தைப் பழுதுபார்த்தவர், ஆயுதம் ஏற்றியவர் கிடைப்பார்கள். மரியாதையாக நேரம் கேட்டுப் போங்கள், கூர்மையான பென்சிலும் கீழே வைக்க அட்டையும் கொண்டுபோங்கள். கையெழுத்தோடு, அவர் எந்த ஆண்டு எந்தத் தளத்தில் என்ன வேலை செய்தார் என்று அவர் கையாலேயே தனித்தாளில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு வரி எந்தச் சான்றிதழையும்விடப் பெறுமதியானது. தஞ்சாவூர், சூலூர் தளங்களின் வாசலில் போய் நிற்பதோ சுற்றுச்சுவர் பக்கம் படம் எடுப்பதோ வேண்டாம், சட்டப்படி சிக்கல்.

கடைசியாக, விற்கப்போகிறவர்களுக்கும் சொந்தமாக வெளியிட நினைப்பவர்களுக்கும்

முதலீடாக நினைத்து இதில் இறங்காதீர்கள். விலை ஏறியவை உண்டு. வாங்கிய விலைக்கும் போகாதவை அதைவிட அதிகம். விற்க நேர்ந்தால் குறிப்பேடு, சான்றிதழ், வெட்டாத ஓரம் மூன்றும் இருக்கும் பிரதிதான் முதலில் போகும்.

உங்களுக்கு வேண்டிய காட்சியை யாரும் வரையவில்லை என்றால், வரைய வைக்கலாம். பிளெக்ஸ் வந்த பிறகு வேலை இழந்த கட்அவுட் ஓவியர்கள் மதுரையில் இருக்கிறார்கள். ஆள் உயர முகத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கிய கைக்கு விமானம் கஷ்டமில்லை. அளவு வரைபடங்களும் பல கோணப் படங்களும் நீங்கள் சேர்த்துக் கொடுங்கள்; யாரோ எடுத்த ஒரே புகைப்படத்தை அப்படியே நகல் எடுக்க வேண்டாம், அது அவருடைய உரிமை. ஓவியம் யாருக்கு, அச்சிடும் உரிமை யாருக்கு, எத்தனை பிரதி, அதில் ஓவியருக்கு எத்தனை என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நூறு பிரதிக்குள் என்றால் ஜிக்லே, அதற்கு மேல் என்றால் சிவகாசியில் நல்ல தாள் கொடுத்து ஆஃப்செட். முதல் புரூபை (மாதிரி அச்சை) டியூப் லைட்டில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். காலை வெயில் அறைக்குள் வரும் நேரத்தில் அசலுக்குப் பக்கத்தில் வைத்து, வானத்து நீலத்தையும் விமானத்தின் சாம்பலையும் தனித்தனியாக ஒத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் பச்சைக்கோ சிவப்புக்கோ சாய்ந்திருந்தால், கையோடு அடையாளம் போட்டு இன்னொரு புரூப் கேளுங்கள். அதற்கான கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.